இழை: நின்றால் துடிப்பு எகிறுகிறது, இதற்குத் தமிழில் என்ன பெயர்? (வெள்ளிக்கிழமை அச்சு)

பிடோக் தாதி:

குழுவினருக்கு வணக்கம். சமூக மன்றத்தில் நடக்கவிருக்கும் ஒரு சுகாதாரப் பேச்சுக்குத் துண்டறிக்கை எழுதுகிறேன். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரப்பவர்களில் சிலருக்கு எழுந்து நின்றதும் நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்கிறது. அந்த நிலையை ஆங்கிலத்தில் பாட்ஸ் என்று சுருக்கிவிட்டார்கள். விரித்தால் போஸ்ச்சரல் ஆர்த்தோஸ்டேட்டிக் டாக்கிகார்டியா சிண்ட்ரோம். 1993இல் வந்த பெயர். எழுந்து நின்ற 10 நிமிடத்துக்குள் துடிப்பு நிமிடத்துக்கு 30 ஆவது கூடவேண்டும், 12 முதல் 19 வயதுக்காரர்களுக்கு 40. கூடவே இரத்த அழுத்தம் பெரிதாக இறங்கக்கூடாது, தொல்லை சில மாதங்களாவது நீடித்திருக்கவேண்டும்.

'படபடப்பு நோய்' என்று போட்டுவிடலாம் என்கிறார்கள் உடன் வேலை செய்பவர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. படபடப்பு என்பது உணர்வு. தேர்வுக்கு முன்னாலும் படபடக்கும். இந்த நோயாளிகளில் பலரிடம் 'வெறும் பதற்றம்தான்' என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. தமிழிலும் அதையே அச்சடித்துக் கொடுக்கவேண்டுமா?

ஈசூன் ஆசிரியர்:

எழு + துடிப்பு = எழுதுடிப்பு. வினைத்தொகை. ஊறுகாய், சுடுசோறு போல முக்காலமும் அடங்கும். நேற்று எழுந்தபோதும் துடித்தது, நாளையும் துடிக்கும். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

ஜூரோங் மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, அதைப் படித்ததும் என் கண் 'எழுது டிப்பு' என்றுதான் பிரித்தது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பது அச்சகத்துத் தம்பிக்குத் தெரியாது. அவர் ஒரு 'த்' சேர்த்தால் 'எழுத்துடிப்பு' ஆகிவிடும். எழுத்துக்கு வந்த நோய்! தவிர, எழுகிறவர் நோயாளி. உங்கள் சொல்லில் துடிப்பல்லவா எழுகிறது?

ஈசூன் ஆசிரியர்:

உண்கலம் என்றால் கலமா உண்கிறது? செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் என ஆறையும் கொண்டு பெயரெச்சம் முடியும் என்று இலக்கணம் விரிவாகவே இடம் கொடுத்திருக்கிறது.

ஜூரோங் மொழிபெயர்ப்பாளர்:

கலம் கருவி, சரி. துடிப்பு அந்த ஆறில் எது?

ஈசூன் ஆசிரியர்:

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்கிறோமே, மயக்கமா உண்டது? உண்டதன் விளைவு மயக்கம்; எழுந்ததன் விளைவு துடிப்பு.

பிடோக் தாதி:

ஐயா, அந்தப் பழமொழி இங்கே வேறு விதத்திலும் பொருந்துகிறது. வயிறு நிறையச் சாப்பிட்டதும் இவர்களில் பலருக்குத் தொல்லை கூடும், இரத்தம் குடல் பக்கம் போய்விடுவதால். ஆனால் 'மயக்கம்' என்ற சொல்லோடு நான் தினமும் மல்லுக்கட்டுகிறேன். மயக்கம் என்று ஒரு பாட்டி சொன்னால் தலைசுற்றலா, கண் இருண்டதா, நினைவு தப்பிக் கீழே விழுந்தாரா என்று மூன்று கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. துண்டறிக்கையில் அந்தச் சொல்லே வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஈசூன் ஆசிரியர்:

நல்லது. கையோடு 'தைராய்டு' என்பதையும் எடுத்துவிடுங்கள். அது கிரேக்கம். நீள்கேடயத்துக்கு அவர்கள் இட்ட பெயரிலிருந்து வந்தது. அந்தப் பெயரோ கதவைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. சுரப்பிக்கு 1656இல் அதைச் சூட்டியவர் தாமஸ் வார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர். நம்மவர் 'கேடயச் சுரப்பி' என்றார்கள். கேடயமும் வடமொழிக் கேடகத்தின் திரிபே. பழந்தமிழில் கேடயத்துக்குத் 'தோல்' என்று பெயர். ஆகவே தோற்சுரப்பி.

அங் மோ கியோ மருந்தாளர்:

தோற்சுரப்பி என்று போட்டால் எல்லாரும் தோல் மருத்துவரிடம் போய் நிற்பார்கள்.

ஈசூன் ஆசிரியர்:

அப்படியானால் கிடுகு. அதுவும் கேடயம்தான். கிடுகுச் சுரப்பி.

செங்காங் யாழ்ப்பாணத்தார்:

எங்கள் பக்கம் கிடுகு என்றால் வேலி அடைக்கிற, கூரை வேய்கிற தென்னோலை. கழுத்தில் கிடுகு என்று சொன்னால் அம்மா சிரித்தே விழுந்துவிடுவா. நாங்கள் தைரொயிட்டு என்று எழுதிப் பழகிவிட்டோம், ஒரு குறையும் இல்லை. வடசொல்லையே வடவெழுத்தை நீக்கி எடுத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியர் விட்டிருக்கிறார், கிரேக்கம் என்ன பாவம் செய்தது?

ஈசூன் ஆசிரியர்:

அது செய்யுளுக்குச் சொன்னது. 'இணையம்' என்ற சொல்லைத் தந்தவர் நம் சிங்கப்பூர்க்காரர் நா. கோவிந்தசாமி என்பார்கள். புதுச்சொல் புரியாது என்று அன்றைக்கு அவரும் கைகட்டி இருந்திருந்தால்?

ஜூரோங் மொழிபெயர்ப்பாளர்:

இணையத்தைத் தினமும் நூறு முறை சொல்கிறோம், பழகிவிட்டது. இந்த நோயின் பெயரை ஒருவர் பலதுறை மருந்தகத்தில் ஒரே ஒரு முறை கேட்பார். அப்போதே புரிந்தாகவேண்டும். 'நிமிர்நிலை மிகைத்துடிப்பு' என்பது என் பரிந்துரை. நின்றதும் அழுத்தம் இறங்குவதை 'நிமிர்நிலைத் தாழழுத்தம்' என்றால் இரண்டும் ஒரே குடும்பமாக நிற்கும், வேறுபாடும் பளிச்சென்று தெரியும்.

அங் மோ கியோ மருந்தாளர்:

பெயர் எதுவானாலும் சரி, தலைப்பைப் பாருங்கள். தாதி அக்கா அனுப்பிய வரைவில் 'தைராய்டுக் குறைவால் வரும் மிகைத்துடிப்பு' என்று இருக்கிறது. அந்த 'ஆல்' உருபுதான் ஆபத்து. தைராய்டு குறைந்தால் வழக்கமாகத் துடிப்பு மந்தமாகும், மிகுந்தால்தான் விரையும். குறைவே பாட்ஸுக்கு நேரடிக் காரணம் என்று நிறுவப்படவில்லை.

தொடர்பு இருக்கக்கூடிய வழிகள் உண்டு. தைராய்டுக் குறைவுக்குப் பெரிய காரணமான ஹாஷிமோட்டோ நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குகிறது. பாட்ஸ் உள்ளவர்கள் சிலரிடமும் இப்படித் தன்னைத் தானே தாக்கும் போக்கு தெரிகிறது. தைராய்டு குறைந்தால் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு குறையலாம். இரத்தசோகை சேரலாம், மாதவிலக்கு மிகையாகலாம். களைப்பில் படுத்தே கிடந்தாலும் எழும்போது இதயம் திண்டாடும். இதையெல்லாம் விட முதலில் பார்க்கவேண்டியது மாத்திரை. தைராய்டுக் குறைவுக்குக் கொடுக்கும் தைராக்சின் அளவு கூடிப்போனாலே துடிப்பு எகிறும். அது பாட்ஸ் அல்ல, அளவைச் சரிசெய்தால் அடங்கும். தைராய்டைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். அதற்காகத் தாமாக மாத்திரையை நிறுத்தக்கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

ஆகவே மூன்றாம் வேற்றுமையை எடுத்துவிட்டு எண்ணும்மை போடுங்கள்: 'தைராய்டுக் குறைவும் நிமிர்நிலை மிகைத்துடிப்பும்.'

ஈசூன் ஆசிரியர்:

உம்மையை ஏற்கிறேன். இந்த இழையில் இலக்கணம் அறிந்து எழுதப்பட்ட முதல் மடல்.

பிடோக் தாதி:

குறை, மிகை இரண்டும் ஒரே வரியில் வருகிறதே, குழப்பாதா? என் மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "குறைவா, அதிகமா, ஒன்றைச் சொல்" என்கிறார்.

ஜூரோங் மொழிபெயர்ப்பாளர்:

'விரைதுடிப்பு' என்று மாற்றினால்? அதுவும் வினைத்தொகை, ஆசிரியருக்கும் ஆறுதல்.

அங் மோ கியோ மருந்தாளர்:

ஆதரவு. மிகைத்துடிப்பு என்றால் கூடுதலாக ஒரு துடிப்பு இடையில் விழுவதாகவும் படிக்கலாம். அது வேறு கோளாறு.

செங்காங் யாழ்ப்பாணத்தார்:

சிண்ட்ரோம் எங்கே போனது? கூட்டறிகுறி என்று சேர்க்காவிட்டால் வெறும் துடிப்பாக நிற்கும். களைப்பு, கை நடுக்கம், மூளை மந்தம் எல்லாம் வெளியே விழுந்துவிடுகிறதே.

பிடோக் தாதி:

நாளை காலை கோப்பை அனுப்பவேண்டும். பெரும்பான்மைப்படி முடித்துவிடுகிறேன். தலைப்பு: 'எழுந்து நின்றால் இதயம் வேகமாகத் துடிக்கிறதா?' கீழே சிறிய எழுத்தில் 'தைராய்டுக் குறைவும் நிமிர்நிலை விரைதுடிப்பும்'. கூட்டறிகுறி உள்ளே ஒரு முறை வரும், பாட்ஸ் என்ற பெயரும் வரும். மருத்துவரிடம் அதைத்தான் சொல்லவேண்டியிருக்கும். உப்பையும் தண்ணீரையும் கூட்டுவது பற்றி மருத்துவரைக் கேட்கச் சொல்லி மட்டும் எழுதியிருக்கிறேன். இரத்தக்கொதிப்பு உள்ள பெரியவர்களும் வாசிப்பார்கள். மாத்திரைக்கும் காலைக் கோப்பிக்கும் இடையே அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடச் சொல்லும் வரியும் இருக்கிறது.

ஈசூன் ஆசிரியர்:

எழுதுடிப்புக்கு என் வாக்கு அப்படியே இருக்கிறது, மட்டுறுத்துநர் பதிவு செய்துகொள்ளட்டும். நிமிர்நிலை என்றால் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வதும்தானே? அதற்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை.

செங்காங் யாழ்ப்பாணத்தார்:

ஐயா கேட்பது நியாயம். ஆனால் அச்சுக்குப் போகட்டும்.