லண்டன் ஃபிளாட்டின் லீஸை கிளிநொச்சியில் இருந்தபடியே நீட்டலாமா?

பரந்தன்சந்தி:
அண்ணை, அண்ணி இரண்டு பேரின்ரை பெயரிலும் ஹரோவிலை ஒரு ஃபிளாட் இருக்கு. இரண்டு பேரும் இப்ப கிளிநொச்சியிலை நிரந்தரம், ஃபிளாட் வாடகைக்கு விட்டிருக்கு. லீஸ் 125 வருசம். பத்திரம் 1984 ஒக்ரோபரிலை எழுதினது, அதாலை 2109 வரை இருக்கெண்டு அண்ணை சொல்லுறார். கிரவுண்ட் ரென்ற் (நிலவாடகை) வருசம் 100 பவுண். இப்ப ஃப்ரீஹோல்டரின்ரை, அதாவது கட்டடத்தின்ரை நிரந்தரச் சொந்தக்காரரின்ரை, ஏஜென்ட் கடிதம் போட்டிருக்கு: சட்டத்துக்குப் போகாமல் பேசி முடிப்பம், 99 வருசம் கூட்டித் தாறம், பழைய தவணை முடியுமட்டும் கிரவுண்ட் ரென்ற் உள்ளபடியே. இதை எடுக்கலாமா? இஞ்ச அரச காணிக் குத்தகை மாதிரி, அவை மாட்டம் எண்டால் ஒண்டும் செய்யேலாதோ?

குளக்கட்டு:
முதல் அந்த 2109ஐ நம்பாதேங்கோ. கையெழுத்து வைச்ச நாள் வேறை, லீஸ் ஓடத் தொடங்கின நாள் வேறை. ஒரு கட்டடத்திலை உள்ள எல்லா ஃபிளாட்டுக்கும் ஒரே தொடக்கத் திகதியை வைச்சுப்போட்டு, வித்த நேரத்துக்கு ஒவ்வொண்டாக் கையெழுத்து வாங்குவினம். பெரும்பாலும் அது மார்ச் 25, யூன் 24, செப்ரெம்பர் 29, டிசெம்பர் 25 இந்த நாலிலை ஒண்டாயிருக்கும். அந்தக் காலத்திலை வாடகை கட்டுற தவணை நாளுகள் அவை. லாண்ட் ரெஜிஸ்ட்ரியின்ரை (காணிப் பதிவகம்) அரச இணையத்தளத்திலை 7 பவுண் கட்டி ரைட்டில் ரெஜிஸ்ரரை (உரிமைப் பதிவேடு) இறக்குங்கோ. லீஸின்ரை தவணையும் தொடக்கமும் அதிலை இருக்கும். இதைப் பாக்காமல் கடிதத்துக்குப் பதில் போடவேண்டாம்.

மற்றது, இது பிரதேச செயலகத்துக்குக் கடிதம் குடுத்திட்டு அனுமதிக்குக் காத்திருக்கிற விசயமில்லை. இங்கிலாந்தின்ரை 1993ஆம் ஆண்டு லீஸ் சட்டத்தின்ரை 42ஆம் பிரிவின்படி நோட்டீஸ் குடுத்தால் ஃப்ரீஹோல்டர் தந்தே ஆகவேணும். மிச்சமிருக்கிற வருசத்தோடை 90 வருசம் கூடும், கிரவுண்ட் ரென்ற் ‘ஒரு மிளகு’ ஆகும், அதாவது சல்லிக்காசு இல்லை. அந்த ஃபிளாட்டிலை குடியிருக்க வேணுமெண்டு இல்லை. வாங்கி இரண்டு வருசம் ஆகியிருக்க வேணுமெண்ட விதியும் 2025 சனவரி 31ஓடை போட்டுது.

பரந்தன்சந்தி:
பாத்தாச்சு. தொடக்கம் 1982 யூன் 24 எண்டு கிடக்கு!

முறிகண்டியான்:
அப்ப லீஸ் 2107 யூனிலை முடியுது. 2027 யூனிலை மிச்சம் 80 ஆகும். அண்ணையின்ரை கணக்கை நம்பியிருந்தால் இரண்டு வருசத்துக்கு மேலை பிசகியிருக்கும்.

80 ஏன் முக்கியமெண்டால் மரேஜ் வல்யூ. லீஸ் நீண்டதும் ஃபிளாட்டுக்குக் கூடுற பெறுமதி அது. நோட்டீஸ் குடுக்கிற நாளிலை 80 வருசத்துக்கு மேலை மிச்சம் இருந்தால் அதுக்குக் காசில்லை. 80 அல்லது அதுக்குக் கீழை எண்டால் அதிலை பாதி ஃப்ரீஹோல்டருக்கு.

கணக்கு ஒண்டு போட்டுக் காட்டுறன். நீண்ட லீஸோடை ஃபிளாட்டின்ரை விலை 300,000 பவுண் எண்டு வைப்பம். 81 வருசம் கழிச்சு ஃப்ரீஹோல்டருக்குத் திரும்பிப் போகவேண்டிய வீட்டின்ரை இண்டைய பெறுமதியை 5 வீதத்திலை கழிச்சுப் பாத்தால் கிட்டத்தட்ட 5,700. அந்த 5 வீதம், இந்த மாதிரி ஃபிளாட் கணக்குக்கு எண்டு ஸ்போர்ட்டெல்லி எண்ட வழக்கின்ரை தீர்ப்பிலை வந்தது. வருசம் 100 பவுண் கிரவுண்ட் ரென்ற் இழக்கிறதுக்கு, 6 வீதம் எண்டு எடுத்தால், 1,650. ஆக 7,350 அளவிலை. இதையே 79 வருசத்திலை செய்தால் அந்த இரண்டும் சேர்ந்து 7,900க்கு மேலை, அதோடை மரேஜ் வல்யூவின்ரை பாதி ஒரு 5,000. மொத்தம் 13,000க்குக் கிட்ட. நீட்டாத லீஸின்ரை விலை நீட்டினதிலை 94 வீதம் எண்டு எடுத்துத்தான் இந்தக் கணக்கு. இரண்டு பக்கத்து மதிப்பீட்டாளர்களும் கட்டிப் பிடிச்சுச் சண்டை போடுறது அந்த 94இலைதான்.

இதுக்கு மேலை, ஃப்ரீஹோல்டரின்ரை நியாயமான சட்டச் செலவும் மதிப்பீட்டுச் செலவும் உங்கடை தலையிலை. ட்ரிபியூனலுக்கு (விலைத் தகராறைத் தீர்க்கிற மன்றம்) போனால் அங்கை அவருக்கு ஆகிற செலவு அவருடையது.

அந்தக் கடிதத்தை ஓரமா வையுங்கோ. எப்ப வேணுமெண்டாலும் அவை பின்வாங்கலாம், 100 பவுண் வாடகை இன்னும் 81 வருசம் ஓடும், பேசிப் பேசி 2027 யூன் தாண்டினால் லாபம் முழுக்க அவைக்கு.

வெட்டுவாய்க்கால்:
மரேஜ் வல்யூவையே இல்லாமல் பண்ணி, 990 வருசம் குடுக்கிற சட்டம் 2024இலை வந்ததெல்லோ? கொஞ்சம் பொறுத்தால் என்ன?

முறிகண்டியான்:
சட்டம் நிறைவேறினது உண்மை, அந்தப் பிரிவுகள் இன்னும் அமுலுக்கு வரேல்லை. 70 வருசம் மிச்சமுள்ள ஆள் பொறுத்துப் பாக்கிறதிலை நியாயம் இருக்கு. 81இலை நிக்கிற ஆள் பொறுக்கிறது மழை வருமெண்டு வாய்க்காலைத் திறக்காமல் விடுற மாதிரி.

குளக்கட்டு:
நோட்டீஸிலை ஆக்கள் பிழைவிடுற இடங்களைச் சொல்லுறன்.

இரண்டு பேரின்ரை பெயரிலை இருந்தால் இரண்டு பேரின்ரை பெயரிலும் நோட்டீஸ் போகவேணும். முந்தி சொந்தக் கையெழுத்துத்தான் வைக்கவேணும். 2014இலை அதைத் திருத்தினதாலை உங்களுக்காக சொலிசிட்டரே வைக்கலாம். நீங்கள் கேக்கிற விலையை மரியாதையான ஒரு தொகையாப் போடுங்கோ. சும்மா அடிமாட்டு விலை போட்ட நோட்டீஸ் செல்லாது எண்டு தீர்ப்பு இருக்கு. ஆருக்குக் குடுக்கிறதெண்டதையும் வடிவாப் பாருங்கோ. ஃப்ரீஹோல்டருக்கும் உங்களுக்கும் நடுவிலை இன்னொராள் வைச்சிருக்கிற ஹெட் லீஸ் (மேல் குத்தகை) இருந்து, அது 90 வருசம் கூட்டித் தரக் காணுமான நீளமாயிருந்தால், நோட்டீஸ் போகவேண்டியது அந்த ஹெட் லீஸ்காரருக்கு.

உங்கடை பக்க விலாசம் இங்கிலாந்து, வேல்ஸுக்குள்ளை இருக்கவேணும். சொலிசிட்டரின்ரை விலாசத்தைப் போடுங்கோ. ஃபிளாட்டுக்கு வாற கடிதத்தை வாடகைக்காரர் பிட்சா விளம்பரத்தோடை சேர்த்துக் குப்பையிலை போடுவினம்.

நோட்டீஸ் போனதும் அதை லாண்ட் ரெஜிஸ்ட்ரியிலை பதியச் சொல்லுங்கோ. ஃப்ரீஹோல்ட் கைமாறினாலும் புது ஆளை அது கட்டுப்படுத்தும். ஃப்ரீஹோல்டர் முற்பணம் கேக்கலாம்: நீங்கள் போட்ட தொகையிலை 10 வீதம் அல்லது 250 பவுண், எது கூடவோ அது. கேட்டு 14 நாளுக்குள்ளை கட்டவேணும், அதாலை காசை லண்டன் வங்கியிலையே வைச்சிருங்கோ.

பதில் நோட்டீஸுக்கு அவைக்குக் குறைஞ்சது இரண்டு மாசம் குடுக்கவேணும். பதில் வந்தபிறகு விலையிலை இழுபறி எண்டால் ட்ரிபியூனலுக்கு விண்ணப்பிக்க, பதில் வந்த நாளிலையிருந்து 6 மாசம். கனபேர் தவறுறது இஞ்சதான். பேச்சு நல்லாப் போகுதெண்டு விட்டால் நோட்டீஸ் மீளப்பெற்றதாக் கணக்கு. அடுத்தது குடுக்க 12 மாசம் பொறுக்கவேணும், அதுக்குள்ளை உங்களுக்கு 80 தாண்டிப்போடும். நாலாம் மாசமே விண்ணப்பத்தைப் போடச் சொல்லுங்கோ, பேச்சு அதுபாட்டுக்கு நடக்கட்டும்.

பரந்தன்சந்தி:
நன்றி. கடைசிக் கையெழுத்துக்கு அற்றோணித் தத்துவம் எழுதவேணுமோ? சாட்சிக்கு கிராம சேவையாளர் காணுமோ?

குளக்கட்டு:
அற்றோணித் தத்துவம் தேவையில்லை. சொலிசிட்டர் புது லீஸின்ரை பிரதியை அனுப்புவார், இஞ்ச பேனையாலை வைச்சு கூரியரிலை திருப்பி அனுப்பலாம். சாட்சிக்கு கிராம சேவையாளர்தான் வேணுமெண்டு இல்லை, வயதுவந்த பக்கத்து வீட்டுக்காரரே காணும். ஆனால் கையெழுத்து வைக்கேக்கை ஆள் நேரிலை நிண்டு பாக்கவேணும், பெயரும் விலாசமும் ஆங்கிலத்திலை தெளிவா எழுதவேணும். அண்ணைக்கு அண்ணி சாட்சி வைக்கேலாது, அவவும் அந்தப் பத்திரத்திலை ஒரு பக்கம். முன்பக்கத்திலை திகதிக்கு விட்ட இடத்தை வெறுமையா விடுங்கோ. அது முடிக்கிற நாளிலை சொலிசிட்டர் போடுறது.