போஹீமியன் ராப்சடி நாள்: ரீலில் பாட்டை வெட்டிப் போடலாமா?

மாட்டுங்கா ட்ரம்ஸ்:
பிரிட்டனின் குயீன் ராக் குழுவின் "போஹீமியன் ராப்சடி" வெளியான நாளுக்கு எங்கள் இசைக்குழுவின் இன்ஸ்டாகிராமில் தமிழில் ஒரு ரீலும் ஒரு போஸ்டரும் போடுகிறோம். பிசினஸ் கணக்கு. 20 விநாடி மட்டும் வெட்டினால் பிரச்சினை இல்லை என்கிறார்கள், உண்மையா? "நம்ம பம்பாய்ப் பிள்ளை ஃப்ரெடி" என்று தலைப்பு வைக்கலாமா?

செம்பூர் கிட்டார்:
அப்படி ஒரு விநாடிக் கணக்கு சட்டத்தில் இல்லை. இந்தியாவில் ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்குப்பின் 60 ஆண்டு. 1975 பதிவுக்கு 2035 முடியும்வரை. வரிகளும் மெட்டும் தனி உரிமை. எழுதிய பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி இறந்தது 1991இல், ஆக 2051வரை. அதனால் நீங்களே வாசித்துப் பாடினாலும் அந்த இரண்டாவது உரிமை நிற்கும். பாட்டை ஃபைலாக ஏற்றாதீர்கள், தானியங்கிச் சோதனையில் சிக்கி ரீல் ஊமையாகலாம். ரீலுக்குள்ளேயே இருக்கும் மியூசிக் பட்டியலில் தேடுங்கள். பிசினஸ் கணக்குக்குப் பெரும்பாலும் இந்த மாதிரிப் பாட்டுகள் காட்டாது. கிரியேட்டர் கணக்குக்கு மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் பாட்டே வேண்டாம், பேசியே போடுங்கள்.

சயான் பேஸ்:
தேதியில் கவனம். சிங்கிள், அதாவது தனிப் பாட்டாக வந்த தட்டு, 1975 அக்டோபர் 31. இந்தப் பாட்டு உள்ள ஆல்பம் நவம்பர் 21. வீடியோ எடுத்தது நவம்பர் 10. மூன்றையும் குழப்பிப் போடுகிற பதிவுகள்தான் அதிகம். இருட்டில் நான்கு முகம் தெரியும் அந்த ஸ்டில், புகைப்படக்காரர் மிக் ராக் 1974இல் "குயீன் 2" ஆல்பத்துக்கு எடுத்தது. வீடியோவில் அதே அமைப்பைத் திரும்பச் செய்தார்கள். அதை இந்தப் பாட்டின் அட்டை என்று போடாதீர்கள். படத்துக்கும் உரிமை உண்டு.

குழுவின் நால்வரும் பாடியதாகவும் எழுதிவிடாதீர்கள். பாட்டின் நடுவே வரும் ஓபரா பாணிப் பகுதியின் குரல்கள் மெர்க்குரி, பிரையன் மே, ராஜர் டெய்லர் மூவருடையவை. மூன்றே பேர், 24 ட்ராக் (தனித்தனி ஒலித்தடம்) டேப்பில் குரல்மேல் குரலாக அடுக்கி ஒரு கூட்டத்தையே எழுப்பினார்கள். பதிவில் சொல்ல வேண்டியது இதுதான்!

ஃப்ரெடி பிறந்தது சான்சிபார், 1946. படித்தது பஞ்ச்கனி செயின்ட் பீட்டர்ஸ். "பம்பாய்ப் பிள்ளை" தலைப்பு தப்பு.

தாராவி டிசைன்:
போஸ்டர் ஃபோட்டோஷாப்பிலா? கொம்பும் காலும் இடம் மாறி "கொ" உடைந்தால், பழைய பதிப்பானால் பிரிஃபரன்சஸ், டைப்பில் வேர்ல்ட் ரெடி லேஅவுட்டைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பதிப்பானாலும் யூனிகோட் எழுத்துரு வையுங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம். அளவு 1080 × 1350.

மாட்டுங்கா ட்ரம்ஸ்:
நன்றி. ரீலில் பாட்டு இல்லை, பேச்சு மட்டும். பாட்டின் நீளத்தையும் சேர்த்துத் தலைப்பு: "மூன்று குரல், 5 நிமிடம் 55 விநாடி".