பழைய செஸ்னா 172: இரவில் பறக்க உள்விளக்கையும் வெளிவிளக்கையும் எப்படித் தேற்றுவது?

பாறசாலைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். ஊர் பாறசாலை, களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். கேரளத்தில் ஒரு பயிற்சி நிலையத்தில் சிபிஎல் (வணிக விமானி உரிமம்) படிக்கிறேன். உரிமத்துக்கு இரவில் 5 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதில் நானே பொறுப்பாக 10 டேக்-ஆஃப், 10 லேண்டிங். அந்தக் கட்டம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது.

விமானம் எழுபதுகளில் வந்த செஸ்னா 172, 14 வோல்ட். வேகம் காட்டும் ஏர்ஸ்பீடு டயல் கண்ணைக் கூசுகிறது, பக்கத்திலேயே உயரம் காட்டும் ஆல்டிமீட்டர் அரை இருட்டு. டிம்மரைக் கூட்டினால் ஒன்று இன்னும் கூசுகிறது, மற்றது அப்படியே இருக்கிறது. கூரையில் இருக்கும் சிவப்பு விளக்கைப் போட்டால் செக்லிஸ்டில் சிவப்பில் அச்சிட்ட அவசரகால வரிகள் காணாமல் போகின்றன. லேண்டிங் லைட் மூக்கில் இருக்கிறது, அடிக்கடி ஃபியூஸ் போகிறது. அது எரியும்போதும் விண்ட்ஷீல்டு முழுக்கப் புகை படிந்த மாதிரி வெளிச்சம் பரவுகிறது. ஓடுபாதை முடிந்தால் கடல் வேறு.

கேட்டால் "எல்லாரும் இதில்தான் பறந்து லைசென்ஸ் வாங்கினார்கள்" என்கிறார்கள். எனக்கு அது பதிலாகப் படவில்லை. சிவப்பு விளக்கு நல்லதா, வெள்ளை நல்லதா? எல்இடிக்கு மாற்றலாமா? எதை முதலில் செய்யச் சொல்லிக் கேட்பது?

வாளையார் வயர்மேன்

விமானம் எனக்குத் தெரியாது, வண்டி வயரிங் தெரியும். லாரிக்குப் போடுகிற 12 வோல்ட் எல்இடி பார் நல்ல வெளிச்சம் தரும், விலையும் குறைவு. அந்த மூக்கு விளக்குக்குப் பதில் அதைப் போட முடியாதா?

கொழிஞ்சாம்பாறை ஏஎம்இ

வயர்மேன் தம்பி, போடக் கூடாது. சான்றிதழ் பெற்ற விமானத்தில் அங்கீகாரம் இல்லாத விளக்கை மாட்டினால் அந்த விமானத்தைப் பறக்கத் தகுதியானது என்று எந்த ஏஎம்இயும் (விமானப் பராமரிப்பு இன்ஜினியர்) கையெழுத்துப் போட முடியாது. ரேடியோ சங்கதியும் இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பாறசாலைத் தம்பி, நான் உத்தியோகத்தில் இருந்தவரை சின்ன விமானங்கள்தான் என் கையில் வந்தன. வெளிச்சம் போதவில்லை என்று ஸ்னாக் (கோளாறுக் குறிப்பு) எழுதி வருகிற விமானத்தில் கோளாறு பெரும்பாலும் பல்பில் இருக்காது. கிரவுண்டு ஒயரில் இருக்கும், சாக்கெட்டில் இருக்கும். கடலோரத்தில் நிற்கிற விமானம் என்றால் கேட்கவே வேண்டாம். இறக்கை நுனி விளக்கைக் கழற்றிப் பார், சாக்கெட்டின் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்து, கிரவுண்டு ஒயர் உட்காரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் எடுத்துவிட்டாலே பாதி வெளிச்சம் திரும்பி வரும். அதனால் எல்இடிக்கு முன்னால் இந்த வேலையைக் கேள்.

ஆல்டிமீட்டருக்கு வருவோம். டயலை ஒட்டித் தொப்பி போட்ட குட்டி விளக்கு இருக்கிறதா? அதுதான் போஸ்ட் லைட். 14 வோல்ட் விமானத்துக்கு 330 என்ற பல்பு, 28 வோல்ட்டுக்கு 327. எழுபதுகளின் கடைசியில் செஸ்னா 172 பதினாலிலிருந்து இருபத்தெட்டுக்கு மாறியது. இரண்டு வகையும் ஒரே ஹேங்கரில் நின்றால் பல்பு டப்பா கலந்துபோகும். 327ஐக் கொண்டுவந்து உன் விமானத்தில் மாட்டினால் மங்கலாகத்தான் எரியும், டிம்மரை எவ்வளவு கூட்டினாலும் ஏறாது. நீ சொல்வது அப்படியே இதற்குப் பொருந்துகிறது. அந்தத் தொப்பியில் ஒரு பக்கம் மட்டும் திறப்பு இருக்கும், அது டயலைப் பார்க்க வேண்டும். திரும்பி உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் கூசும், டயல் இருட்டாக இருக்கும். ஏர்ஸ்பீடில் அதையும் பார்க்கச் சொல்.

அப்புறம் விண்ட்ஷீல்டு. நீ புகை என்று சொல்வது கீறல். அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். பழைய பேப்பரோ காய்ந்த துணியோ வைத்துத் துடைத்தால் ஒவ்வொரு மணல் துகளும் ஒரு கோடு போடும். பகலில் தெரியாது. இரவில் ஓடுபாதை விளக்கு ஒவ்வொன்றும் அந்தக் கோடுகளில் பட்டுச் சிதறும். வீட்டில் கண்ணாடி துடைக்கிற அம்மோனியா கலந்த திரவம் பட்டால் அக்ரிலிக் நுண்ணிய வெடிப்பு விட்டுவிடும். தண்ணீரை நிறைய ஊற்று, மோதிரத்தையும் வாட்சையும் கழற்றிவிட்டு வெறும் கையால் தடவிக் கழுவு. மண் இருந்தால் விரலுக்குத் தெரியும். பிறகு அக்ரிலிக்குக்கென்று விற்கிற பாலிஷும் மெத்தென்ற பருத்தித் துணியும் போதும். ஆழமான கீறலை ஏஎம்இ பார்க்கட்டும். இரவுப் பறத்தலுக்கு இதைவிட மலிவான மேம்பாடு எனக்குத் தெரிந்து இல்லை.

சிவப்பா வெள்ளையா என்பது பழைய சண்டை. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 30 நிமிடம் போல ஆகும். மங்கலான சிவப்பு அந்தப் பழக்கத்தை அதிகம் கெடுக்காது. ஆனால் வரைபடத்தில் சிவப்புக் கோடு போய்விடும், நிறங்கள் மாறும், கிட்டப் பார்வையும் குழம்பும். நான் சொல்வது மங்கலான வெள்ளை, வாசிக்க எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும். இருட்டு பழகப் பழக டிம்மரை இன்னும் இறக்கிக்கொண்டே போ. ஒரே ஒரு நேரத்தில் மட்டும் நேர் மாறு: துலாவர்ஷ (வடகிழக்குப் பருவமழை) மாதங்களில் தூரத்தில் மின்னல் வெட்டினால் உள்விளக்கை முழுசாக ஏற்றிவிடு, இல்லையென்றால் ஒவ்வொரு வெட்டுக்கும் கண் இருண்டுபோகும்.

கிளம்புவதற்கு முன்னால் விமானத்தைச் சுற்றிப் பார்க்கிறாயே, அப்போது வெள்ளை டார்ச்தான். பிரேக்கின் ஹைட்ராலிக் எண்ணெய் சிவப்பு, 100எல்எல் என்கிற விமானப் பெட்ரோல் நீலம். சிவப்பு டார்ச் அடித்தால் சக்கரத்துக்குக் கீழே எண்ணெய் ஒழுகியிருப்பதும் தெரியாது, பெட்ரோலின் நிறமும் தெரியாது.

லேண்டிங் லைட்டுக்கு எல்இடி வாங்கச் சொல்லலாம், அது வீண் செலவில்லை. உன்னுடையதில் இருப்பது 4509 பல்பாக இருக்கும், 100 வாட். அதற்குக் கம்பெனியே கொடுக்கிற ஆயுள் 25 மணி நேரம்தான். மூக்கில் இன்ஜின் அதிர்வில் அதுவும் நிற்காது. எல்இடியில் இழை இல்லை, அதிர்வைத் தாங்கும், கரண்டும் குறைவு. 14 வோல்ட்டில் அந்தப் பழைய பல்பு ஒன்றே 7 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். இரவில் ஆல்டர்னேட்டர் போய்விட்டால் பேட்டரியில் மிச்சமிருக்கிற ஒவ்வொரு ஆம்பியரும் உன் ரேடியோவுக்கு வேண்டும். சர்க்யூட் (ஓடுபாதையைச் சுற்றி வட்டமடிப்பது) முழுக்க லேண்டிங் லைட்டை எரியவிட்டால் மற்றவர்கள் உன்னைப் பார்க்கவும் உதவும். எது போட்டாலும் கோணத்தைச் சரிபார்க்கச் சொல். ஒளி எங்கே விழ வேண்டும் என்று மெயின்டனன்ஸ் மேனுவலில் இருக்கும்.

இறக்கை நுனி விளக்குக்கு வெறும் வெள்ளை எல்இடி பல்பை மட்டும் மாற்றாதீர்கள். அந்தப் பச்சைக் கண்ணாடி உண்மையில் நீலம் கலந்தது. இழை பல்பின் மஞ்சள் ஒளி அதன் வழியே வந்தால்தான் சரியான பச்சை. வெள்ளை எல்இடி போட்டால் நீலமடிக்கும், சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் போட்டால் மங்கிவிடும். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்று பார்த்துத்தான் எதிரே வருபவன் நீ எந்தப் பக்கம் போகிறாய் என்று தெரிந்துகொள்கிறான். மாற்றுவதென்றால் அங்கீகாரம் பெற்ற முழு யூனிட்டாக மாற்று.

செங்கோட்டை இன்ஸ்ட்ரக்டர்

பெரியவர் சொன்னதில் ஒன்றை நான் அழுத்திச் சொல்கிறேன், தம்பி. ஆல்டிமீட்டர் விளக்கு சரியாகும் வரை அந்த விமானத்தை இரவில் எடுக்காதே. டெக் லாகில் (விமானத்தின் பதிவேடு) ஸ்னாக் எழுது. வாயால் சொன்னால் காற்றோடு போகும், எழுதினால் யாராவது ஒருவர் அதைத் தீர்த்துக் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும்.

ஏன் என்றால் உன் ஓடுபாதைக்கு அப்பால் கடல் என்கிறாய். நிலா இல்லாத இரவில் சக்கரம் தரையை விட்டதும் அடிவானம் இருக்காது. வேகம் ஏறும்போது மூக்கு மேலே போகிற மாதிரி உடம்பு சொல்லும். அதை நம்பி ஸ்டிக்கை முன்னால் தள்ளியவர்கள் நேராகத் தண்ணீருக்குள் போயிருக்கிறார்கள். அதோடு மீன்பிடிப் படகுகளின் விளக்கு. தூரத்தில் சிதறிக் கிடக்கும்போது கண் அதை நட்சத்திரம் என்று எடுத்துக்கொள்ளும், அதை மேலே வைத்துப் பறக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் உண்மை சொல்வது விமானத்தின் சாய்வைக் காட்டும் ஆட்டிட்யூடு இண்டிகேட்டர், ஏர்ஸ்பீடு, ஏறிக்கொண்டிருக்கும் ஆல்டிமீட்டர் இவை மட்டும்தான். உயரம் 500 அடி தாண்டும் வரை வெளியே பார்க்காதே என்று என் மாணவர்களுக்குச் சொல்வேன்.

இறங்கும்போது எதிர்ப் பிரச்சினை. கடல் பக்கமிருந்தோ காட்டுப் பக்கமிருந்தோ வந்தால் நடுவில் ஒரு விளக்கும் இருக்காது, ஓடுபாதை மட்டும் தனியாக மிதக்கும். உயரமாக இருக்கிறோம் என்று தோன்றும், தானாகக் கீழே இழுப்பாய். பாப்பியில் (ஓடுபாதையோரம் இறங்கும் கோணத்தைக் காட்டும் விளக்கு வரிசை) இரண்டு வெள்ளை இரண்டு சிவப்பைப் பிடித்துக்கொள். லேண்டிங் லைட் இல்லாமல் இறங்குவதையும் இன்ஸ்ட்ரக்டரோடு பழகு. ஒளி விழும் இடத்தையே பார்த்தால் ஃப்ளேர் (தரை தொடுமுன் மூக்கைத் தூக்குவது) தாமதமாகும், ஓடுபாதையின் கடைசியைப் பார்.

மேகத்துக்குள் நுழைந்தால் ஸ்ட்ரோபை (வெளியே பளிச்சிட்டு மின்னும் விளக்கு) அணைத்துவிடு. வெட்டி வெட்டி உள்ளே திரும்பி வரும் ஒளி தலையைச் சுற்ற வைக்கும். லேண்டிங் லைட்டும் அப்படித்தான், மழையில் வெள்ளைச் சுவராக நிற்கும்.

பாறசாலைக்காரன்

ரொம்ப நன்றி, சார், அக்கா. இன்று பகலில் தொப்பியைப் பார்த்தேன், ஏர்ஸ்பீடுடையது என் பக்கம்தான் திரும்பியிருந்தது. ஸ்னாக் எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். முழங்காலில் டேப்லெட் வைத்திருக்கிறேன், எவ்வளவு இறக்கினாலும் அது பக்கத்து ஜன்னலில் தெரிகிறது. எல்இடி வாங்க நிலையம் சம்மதித்தால் என்ன காகிதம் கேட்க வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை ஏஎம்இ

டேப்லெட்டை இருட்டு நிற முறைக்கு மாற்று, திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து வை. வெளிர் நிறச் சட்டை போட்டாலும் ஜன்னலில் தெரியும், இரவில் கறுப்புச் சட்டை போடு. சர்க்யூட் அடிக்கும்போது டேப்லெட்டே தேவையில்லை. நம் நாட்டில் இரவு விஎஃப்ஆர் (வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பது) என்பதே ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) அனுமதிக்கிற உள்ளூர்ப் பறத்தலும் பயிற்சியும்தான். நீ எங்கும் தொலைந்துபோகப் போவதில்லை.

காகிதத்துக்கு: அந்த விளக்கு உன் மாடலுக்கு அங்கீகரிக்கப்பட்டது என்று காட்டும் ஆவணம், மாட்டியதற்கு ஏஎம்இயின் லாக் புக் பதிவு. கரண்டு கணக்கையும் எடைக் கணக்கையும் அவர் பார்த்துக்கொள்வார். மாட்டிய அன்றே இன்ஜின் ஓடும்போது ரேடியோவின் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் அமைப்பு) திறந்துவிட்டு விளக்கை ஒவ்வொன்றாகப் போட்டு அணைக்கச் சொல். எல்இடிக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட் விஎச்எஃப் ரேடியோவில் இரைச்சல் போடலாம், வண்டி எல்இடியை நான் வேண்டாம் என்றதற்கு அதுவும் காரணம். கூடவே காம்பஸைப் பார். விளக்கைப் போட்டதும் முள் நகர்ந்தால் ஒயர் போகும் வழியை மாற்ற வேண்டும்.