மின்மாற்றி மாதிரி: சிமுலேஷனில் 73 வோல்ட், மேசையில் 19 வோல்ட். பிழை எங்கே?

உட்லண்ட்ஸ் மாணவர் (கேள்வி)

வணக்கம். பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு மின்னணுவியல் படிக்கிறேன். தாத்தாவின் பழைய கேசட் பிளேயருக்காக 12 வோல்ட் மின்வழங்கி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். சிங்கப்பூர் சிம் லிம் டவர் கடைத்தொகுதியில் வாங்கிய மின்மாற்றி (230 வோல்ட் – 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று மேலே அச்சிட்டிருக்கிறது), நான்கு 1என்4007 டையோடுகள், 2200 மைக்ரோஃபாரட் 16 வோல்ட் மின்தேக்கி, அதன் பிறகு வெளியீட்டை 12 வோல்ட்டில் நிலைநிறுத்த ஒரு 7812 ரெகுலேட்டர் என்பது திட்டம். பிளேயருக்கு ஏறக்குறைய 300 மில்லிஆம்பியர் தேவைப்படும்.

எல்டிஸ்பைஸ் என்ற சுற்றுச் சிமுலேஷன் மென்பொருளில் மின்மாற்றியை இரண்டு சுருள்களாக வரைந்து, அவற்றை 'கே' கட்டளையால் முழுமையாகப் பிணைத்தேன். கல்லூரி எல்சிஆர் மீட்டரில் முதன்மைச் சுருளின் தூண்டல் 12 ஹென்றி காட்டியது. 230ஐ 12ஆல் வகுத்தால் 19.17 வருவதால், துணைச் சுருளுக்கு 12ஐ 19.17ஆல் வகுத்து 0.626 ஹென்றி கொடுத்தேன். சுருள்களின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து (முதன்மை 210 ஓம், துணை 1.4 ஓம்) அவற்றையும் சேர்த்தேன். முதலில் 'சிங்குலர் மேட்ரிக்ஸ்' (சமன்பாடுகளைத் தீர்க்க முடியவில்லை) என்ற பிழை வந்தது. துணைச் சுருள் பக்கத்திலும் ஒரு தரை இணைப்பைக் கொடுத்ததும் அது நீங்கியது.

இப்போது ரெகுலேட்டர் இல்லாத நிலையில் மின்தேக்கியின் மேல் சிமுலேஷன் 73 வோல்ட் காட்டுகிறது. மேசையில் அதே இடத்தில் மல்டிமீட்டர் 19.1 வோல்ட் காட்டுகிறது. மீட்டரின் உள்தடை காரணமாக இருக்குமோ என்று எண்ணி, 10 மெகாஓமைக் குறிக்க '10எம்' என்று ஒரு மின்தடையை மின்தேக்கிக்கு இணையாகப் போட்டேன். உடனே 73 வோல்ட் 0.06 வோல்ட்டாக விழுந்துவிட்டது. டையோடுகளை இணைக்கும் முன், சுமையின்றித் துணைச் சுருளை மட்டும் அளந்தபோது 14.2 வோல்ட் மாறுமின்னழுத்தம் இருந்தது. எதை நம்புவது என்று தெரியவில்லை.

ஓய்வுபெற்ற டெக்னீஷியன்

தம்பி, மற்றதைப் பிறகு பேசலாம். முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். 16 வோல்ட் மின்தேக்கியின் மேல் 19.1 வோல்ட் நின்றுகொண்டிருக்கிறது. எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கி இதை உடனே காட்டிக்கொடுக்காது. மெல்லச் சூடேறி, தலை உப்பி, ஒருநாள் வெடிக்கும். 1 கிலோஓம் மின்தடையை அதன் கால்களுக்குக் குறுக்கே அரை நிமிடம் பிடித்து, மீட்டரில் பூச்சியம் பார்த்த பிறகே கை வையுங்கள். மாற்றும்போது 35 வோல்ட் போடுங்கள். அதே கடைத்தொகுதியில் கிடைக்கும், விலையிலும் பெரிய வேறுபாடு இருக்காது.

நீங்கள் '12 வோல்ட்' என்ற அச்சை நம்பி 16 வோல்ட் வாங்கியது புரிகிறது. 12 வோல்ட் மாறுமின்னழுத்தத்தின் உச்சம் (1.41 மடங்கு) 17, இரண்டு டையோடுகளுக்கு 1.4 கழித்தால் 15.6 என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆனால் அந்த 12 என்பது 1 ஆம்பியர் முழுச் சுமையில் கிடைக்கும் அளவு. சிறிய மின்மாற்றிகளில் சுருளின் மின்தடை அதிகம் என்பதால், சுமையில்லாதபோது மின்னழுத்தம் நன்றாகவே ஏறி நிற்கும். உங்கள் 14.2 அதுதான்.

அனலாக் ஆசிரியர்

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். உங்கள் மாதிரியில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. இரண்டும் எல்லோரும் ஒருமுறையாவது செய்தவை.

முதலாவது, தூண்டல் அளவு சுற்றுகளின் எண்ணிக்கைக்கு அல்ல, அந்த எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நீங்கள் சுருள்களுக்கு இடையே 19.17 மடங்கு வைத்ததால், சிமுலேட்டர் அதன் வர்க்கமூலமான 4.38ஐத்தான் சுற்று விகிதமாக எடுத்துக்கொண்டது. 230ஐ 4.38ஆல் வகுத்தால் 52.5, அதன் உச்சம் 74, டையோடுகளுக்குக் கொஞ்சம் போக நீங்கள் கண்ட 73. சிமுலேட்டர் கேட்ட கேள்விக்குச் சரியாகவே விடை சொல்லியிருக்கிறது.

சுற்று விகிதத்தையும் அச்சிலிருந்து எடுக்காதீர்கள், அளவிலிருந்து எடுங்கள். 230ஐ 14.2ஆல் வகுத்தால் 16.2, அதன் வர்க்கம் 262. எனவே துணைச் சுருளுக்கு 12ஐ 262ஆல் வகுத்து 45.8 மில்லிஹென்றி கொடுங்கள். எல்சிஆர் மீட்டர் மிகச் சிறிய சமிக்ஞையில் அளப்பதால் அந்த 12 ஹென்றி தோராயமானதுதான். ஆயினும் வெளியீட்டு மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது விகிதம் என்பதால் இங்கே அது உறுத்தாது.

துணைச் சுருளின் 1.4 ஓமில் எனக்கு ஓர் ஐயம். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் 0.2 ஓம் காட்டும். அதைக் கழித்தால் 1.2. முதன்மைச் சுருளின் 210 ஓமை 262ஆல் வகுத்தால் 0.8 ஓமாகத் துணைப் பக்கத்தில் தெரியும். இரண்டும் சேர்ந்து 2 ஓம். 1 ஆம்பியர் எடுத்தால் 2 வோல்ட் இழப்பு, 14.2 போய் 12.2. அச்சிட்டிருந்த 12 எங்கிருந்து வந்தது என்பது இப்போது உங்கள் மாதிரியிலேயே தெரியும்.

இரண்டாவது தவறு '10எம்'. எல்டிஸ்பைஸுக்கு அடிப்படையான ஸ்பைஸில் 'எம்' என்றால் மில்லி. மெகாவுக்கு 'மெக்' (meg) என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்தும் வேண்டும். நீங்கள் மின்தேக்கியின் குறுக்கே 10 மில்லிஓம், அதாவது ஒரு கம்பித்துண்டை வைத்துவிட்டீர்கள். மின்தடையின் மீது சொடுக்கி மின்னோட்டத்தைப் பார்த்திருந்தால் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் தெரிந்திருக்கும். 1973இல் பெர்க்லியில் ஸ்பைஸ் வெளிவந்த காலத்தில் துளையட்டைகளில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வேறுபடுத்தாத அந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. இதே வகையில் 1 ஃபாரட் என்று எண்ணி '1எஃப்' எழுதினால் அது ஃபெம்டோஃபாரட் ஆகிவிடும். அலகை எழுதாமல் எண்ணை மட்டும் எழுதுங்கள்.

டையோடுக்கு நீங்கள் இயல்பு மாதிரியையே விட்டிருந்தால், அதில் தொடர்தடையும் சந்திக் கொள்ளளவும் பூச்சியம். இந்தச் சுற்றில் விடை அதிகம் மாறாது; ஆனால் பின்னர் 'டைம் ஸ்டெப் டூ ஸ்மால்' (காலப்படி மிகச் சிறியது) என்று சிமுலேஷன் நின்றால், முதலில் 1என்4007இன் முழு மாதிரியைப் போட்டு, 'கே'யை 1லிருந்து 0.99ஆகக் குறைத்துப் பாருங்கள். உண்மையான மின்மாற்றியில் ஒரு சுருளின் காந்தப்புலம் முழுவதும் மற்றதை எட்டாது; அதனால் கசிவுத் தூண்டல் எப்போதும் உண்டு.

உட்லண்ட்ஸ் மாணவர்

இருவருக்கும் மிக்க நன்றி. முனைகளைத் தொட்டதும் 0.2 ஓம் காட்டியது. 45.8 மில்லிஹென்றியும் '10மெக்'கும் கொடுத்ததும் சிமுலேஷன் 19 வோல்ட்டுக்கு வந்துவிட்டது. பழைய மின்தேக்கியைக் கழற்றியபோது அதன் தலை லேசாக மேடிட்டிருந்தது; 35 வோல்ட் மாற்றிவிட்டேன். 300 மில்லிஆம்பியர் சுமையில் அலையின் அடிப்பகுதி சுமார் 15 வோல்ட் என்கிறது சிமுலேஷன். 7812க்கு இது போதுமா ஐயா?

ஓய்வுபெற்ற டெக்னீஷியன்

போதும், ஆனால் தாராளமாக இல்லை, அதற்கு 14.5 வோல்ட்டாவது உள்ளே வர வேண்டும். சராசரி 15.5 என்று வைத்தால், ரெகுலேட்டர் ஏறக்குறைய 1 வாட்டை வெப்பமாக்கும். வெப்பத்தை வெளியேற்றும் தகடு இல்லாமல் ஒரு வாட்டுக்கு 65 டிகிரி ஏறும். நம் வீட்டு அறையில் 31 டிகிரி ஏற்கெனவே இருக்கிறது. சிமுலேஷன் இதைச் சொல்லாது. ஒரு சிறிய அலுமினியத் தகட்டைத் திருகிவிட்டு, பிளேயரை ஒரு மணி நேரம் ஓடவிட்ட பிறகு அளவை இங்கே எழுதுங்கள்.