ரக்பி: வலப்பக்க பாஸ் மட்டும் தள்ளாடுது, வழி சொல்லுங்க

காரைக்குடியில 12 முதல் 14 வயசுப் பிள்ளைகளுக்கு ரக்பி பழக்குறோம். நாலாம் நம்பர் (சிறுவர் அளவு) பந்து, செம்மண் மைதானம். கபடியிலிருந்து வந்தவங்க, டேக்கிளுக்கு (பந்தோட ஓடுறவரைப் பிடிச்சு வீழ்த்துறதுக்கு) பயமில்லை, பாஸ்தான் தகராறு.

எல்லாரும் வலக்கைக்காரங்க. இடப்பக்கம் பந்து நேரா சுழன்று போகுது. வலப்பக்கம், அதாவது இடக்கை தள்ள வேண்டிய பாஸ், 5 மீட்டர் தாண்டினாலே பந்து தள்ளாடுது; முதல்ல வாங்குறவர் முழங்காலுக்கும் இறங்குச்சு. போன மாசம் ஓடிக்கிட்டே பாஸ் போட ஆரம்பிச்சதுல இருந்து இன்னும் மோசம்.

சுழற்றாம 3 மீட்டர்ல போடுற பாஸ் சுத்தமா வருது. ஒரு முழங்கால் ஊன்றி இடக்கையால மட்டும் சுழற்றிப் பார்த்தாச்சு. போட்டு முடிச்சதும் ரெண்டு கை விரலும் வாங்குறவர் நெஞ்சைக் காட்டணும்னு சொன்னதுல உயரம் சரியாச்சு, தள்ளாட்டம் போகலை. புழுதியில பந்து வழுக்குதோன்னு துடைச்சும் போட்டாச்சு. உத்துப் பார்த்தா இடது உள்ளங்கை பந்தோட ஒட்டியிருக்கு. கை பின்பாதிக்கு அடியில போகாம பக்கவாட்டுலயே நிக்குது. பிடி இப்படி இருந்தா மணிக்கட்டு எப்படிச் சுழலும்?

பழக்கினவங்க சொல்லுங்க: இடக்கைச் சுழற்சி படியிற வரைக்கும் சுழற்றாத பாஸோடயே ஓடவிடலாமா, இல்ல நின்ன இடத்துல அதை முடிச்சிட்டுத்தான் ஓட்டத்துக்குப் போகணுமா?