பூனையை ஒரே அறையில் வைத்து வளர்ப்பது சரியா?

ஜன்னலோரம்:
என் பூனை இரண்டு வயதுக் கடுவன், கருத்தடை ஆகிவிட்டது. அம்மாவுக்குப் பூனை ஒத்துக்கொள்ளாது, மூச்சு இழுக்கும். அதனால் அதை என் அறையிலேயே வைத்திருக்கிறேன். சாப்பாடு, தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் விடிவதற்கு முன்பே கதவைப் பிறாண்ட ஆரம்பித்துவிடுகிறது. இப்படி வளர்ப்பது தப்பா?

சாம்பல்வால்:
தப்புதான். பூனை விடியலிலும் அந்தியிலும் வேட்டைக்குக் கிளம்புகிற பிராணி. அந்த நேரத்தில் துரத்த ஒன்றும் இல்லாவிட்டால் கதவைத்தான் பிறாண்டும். இன்னொன்று, ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலிலும் இருக்கும் ஒரு புரதம். அது உங்கள் துணியில் ஒட்டிக்கொண்டு வீடு முழுக்க வரும். கதவைச் சாத்தியதில் அம்மாவுக்கும் முழுப் பலன் இல்லை, பூனைக்கும் நிம்மதி இல்லை.

மெத்தைப்புலி:
முழுப் பலன் இல்லை என்பதற்காகக் கதவைத் திறந்துவிட முடியுமா? மூச்சு இழுக்கிறவருக்குக் கொஞ்சம் குறைந்தாலும் அது பெரிய விஷயம். வெளியே விட்டால் வண்டியில் அடிபடும், சண்டையில் கடிபட்டு நோய் வாங்கி வரும். புதிதாக வந்த பூனையை முதலில் ஓர் அறையில் வைக்கத்தானே எல்லோரும் சொல்கிறார்கள்? சின்ன எல்லைக்குள் அதற்குப் பயம் குறைகிறது. தரை எவ்வளவு அகலம் என்பதைவிட ஏறி உட்கார உயரம் இருக்கிறதா என்பதுதான் பூனைக்கு முக்கியம். ஜன்னலோரம், அறையில் என்னென்ன இருக்கிறது?

சாம்பல்வால்:
வெளியே விடச் சொல்லி நான் எங்கே எழுதினேன்? புதுப் பூனைக்கு ஓர் அறை என்பது சில நாள், மிஞ்சினால் சில வாரம். அதையே ஆயுள் முழுக்க நீட்டுவதா? நாள் முழுக்கத் தூங்குகிறதே என்றும் ஆறுதல் அடையாதீர்கள். வேலையில்லாத பூனையும் தூங்கும். வயிற்றைப் பாருங்கள். மன அழுத்தத்தில் நக்கி நக்கியே அடிவயிற்றில் முடி போய், தோல் வழுவழு என்று தெரியும். கடுவனுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அழுத்தம் சிறுநீர்ப்பையைப் பாதிக்கும். கடுவனின் சிறுநீர்க்குழாய் குறுகலானது, அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். லிட்டர் பாக்ஸில், அதாவது அது கழிக்கும் மணல் பெட்டியில், திரும்பத் திரும்பக் குந்தியும் ஒன்றும் வரவில்லை என்றால், மலச்சிக்கல் என்று காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

ஜன்னலோரம்:
புரட்டிப் பார்த்தேன், வயிற்றில் முடி நன்றாகவே இருக்கிறது. சிறுநீரும் ஒழுங்காகப் போகிறது. அறையில் மேசையும் ஓர் அலமாரியும்தான். லிட்டர் பாக்ஸ் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பகலில் நான் வீட்டில் இருப்பதில்லை.

பஞ்சுப்பாதம்:
அந்தத் தட்டை இன்றைக்கே எதிர் மூலைக்கு மாற்றுங்கள். கழிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாப்பிடப் பூனைக்குப் பிடிக்காது. 2013-ல் பூனை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியிலும் இது இருக்கிறது. ஒளிந்துகொள்ள இடம், வேட்டையாடுவது போன்ற விளையாட்டு, தினமும் மனிதர்களோடு பழக்கம் எல்லாம் அதில் உண்டு. அலமாரியின் மேல்தட்டைக் காலிசெய்து, ஏறுவதற்குப் படி மாதிரி பலகை அடியுங்கள். அப்புறம், நீங்கள் படுப்பதற்கு முன் ஒரு கயிற்றில் இறகைக் கட்டி கால்மிதிக்கு அடியில் மெதுவாக இழுங்கள். பூனை பதுங்கும், கண் விரியும், பின்பக்கத்தை இப்படியும் அப்படியும் ஆட்டும், பிறகுதான் பாயும். அந்த ஆட்டம் வரும்வரை அவசரப்படாதீர்கள். பிடிக்க விட்டுவிட்டு உடனே சாப்பாடு வையுங்கள். சாப்பிட்டு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு தூங்கப் போகும். விடியற்காலைப் பிறாண்டல் மெல்லக் குறையும். பிறாண்டும்போது மட்டும் எழுந்து கதவைத் திறக்காதீர்கள், அதையே பழகிக்கொள்ளும்.

சாம்பல்வால்:
இதெல்லாம் நல்லதுதான், ஆனாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அம்மாவின் படுக்கையறையைச் சாத்திவிட்டு மற்ற இடங்களைப் பூனைக்குத் திறந்தால் என்ன?

மெத்தைப்புலி:
அம்மா பகல் முழுக்கக் கூடத்தில் உட்காருபவராக இருந்தால்? அதை அவருடைய டாக்டரைக் கேட்காமல் நாம் முடிவுசெய்யக் கூடாது.

ஜன்னலோரம்:
கூடத்தில்தான் உட்காருவார். ஆனால் பின்பக்க வராந்தாவுக்கு வருவதே இல்லை. அங்கே கம்பிவலை அடித்து, என் அறைக் கதவை அந்தப் பக்கம் திறந்துவிட முடியும். டாக்டரைக் கேட்டுவிட்டு அந்த வேலையை ஆரம்பிக்கிறேன்.

சாம்பல்வால்:
வலையின் கண் சின்னதாக இருக்கட்டும். நைலான் வேண்டாம், கடித்து அறுத்துவிடும்.