புதுப்பிப்பு: மெக்சிகோவின் கொசுமெல் தீவில் எட்டு மணி நேரம், போய் வந்துவிட்டோம்

சுற்றுலாக் கப்பல் அங்கே நிற்கும் எட்டு மணி நேரத்தில் மாயர் இடிபாடு, கடைத்தெரு இரண்டையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"வெயிலுக்கு முன் சான் ஹெர்வாசியோ இடிபாடு, பிறகு கடை" என்ற யோசனைதான் கைகொடுத்தது. டாக்சியில் மீட்டர் கிடையாது. காத்திருப்பதற்கும் சேர்த்து முன்பே பேசிக்கொண்டோம். சான் ஹெர்வாசியோ, இஷ்செல் என்ற மாயர் பெண் தெய்வத்தின் தலம். பெரிய பிரமிடை எதிர்பார்க்காதீர்கள். தாழ்ந்த கல் மேடைகள், அவற்றின்மேல் உடும்பைப் போல அசையாமல் கிடக்கும் இகுவானாக்கள். கொசுவோ ஊர்ப் பெயருக்குக் குறை வைக்கவில்லை.

தீவின் நகரமான சான் மிகேலில், கடற்கரைச் சாலையை விட்டு இரண்டு தெரு உள்ளே போனதும் பேரம் படிந்தது. வெள்ளி மோதிரத்தின் உட்புறம் 925 முத்திரையை (92.5 சதவீதம் வெள்ளி என்று பொருள்) பார்த்தே வாங்கினேன்.

எதிர்பாராதது கடிகாரம். கொசுமெல் இருக்கும் குயின்டானா ரூ மாநிலத்தில், கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் வழக்கம் 2015 முதல் இல்லை; மயாமியில் உண்டு. ஜூலையில் மயாமியிலிருந்து கிளம்பிய எங்கள் கப்பல் மயாமி நேரத்திலேயே இருந்தது; கைப்பேசி தீவின் நேரத்துக்கு மாறிவிட்டது. கப்பலில் மணி நான்கு, கைப்பேசியில் மூன்று! மனைவி மயாமி நேரத்திலிருந்து திருத்தாமல் விட்டிருந்த கைக்கடிகாரத்தால்தான் கப்பலைப் பிடித்தோம்.